அம்மாவின் துணைக்குப் போன இடத்தில் எனக்குக் கிடைத்த ஓய்வு: வீட்டில் இதைத் தொடர வழி உண்டா?

பாளைச் செவிலி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். என் அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் இருக்கிறது. அறுவை சிகிச்சையைக் கொஞ்ச காலம் தள்ளிப்போட வேண்டுமானால் முதலில் எடையைக் குறைக்க வேண்டும் என்று எலும்பு மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். சிவசைலம் பக்கம் மலையடிவாரத்தில் உள்ள ஓர் இயற்கை மருத்துவ நிலையத்தில் அம்மா சில நாட்கள் தங்குவதற்கு என் சித்திதான் பேசி ஏற்பாடு செய்தார். வயதானவர்களுடன் துணைக்கு ஒருவர் தங்க வேண்டும் என்பது அங்குள்ள விதி என்பதால் விடுப்பு எடுத்துக்கொண்டு நான் போனேன். சிகிச்சை முழுவதும் அம்மாவுக்கு மட்டும்தான். எனக்கு எந்த நோயும் இல்லை, எந்த எதிர்பார்ப்பும் இல்லை. படிக்காமல் கிடந்த சில புத்தகங்களையும் துவைத்து மடித்த துணிகளையும் எடுத்துக்கொண்டு செங்கோட்டை ரயிலில் ஏறி ஆழ்வார்குறிச்சியில் இறங்கினோம்.

அங்கே நடந்ததை விவரமாக எழுதுகிறேன்; அப்போதுதான் என் கேள்வி உங்களுக்குப் புரியும். விடியும் முன்பே எழுப்பிவிடுவார்கள். கொஞ்ச தூரம் நடை, பிறகு அம்மாவுக்கு வயிற்றின் மேல் மண்பட்டி (துணியில் பரப்பிய ஈர மண்), அதன் பின் இடுப்புக் குளியல் (தொட்டி நீரில் இடுப்பு வரை நனைய உட்காருவது). அதற்குப் பின் சாம்பல் பூசணிச் சாறு ஒரு தம்ளர். முற்பகலில் ஒரு வேளையும் பொழுது சாயும் முன் ஒரு வேளையும்தான் உணவு: தேங்காய்த் துருவல், முளைகட்டிய பயறு, பழங்கள், அரிந்த காய்கள். அடுப்பில் வைத்த எதுவும் இல்லை. உப்பு, சீனி, காப்பி, தேநீர் எதுவுமே கிடையாது. துணைக்கு வந்தவர்கள் மட்டும் தனியாகச் சமைத்துச் சாப்பிட இடமில்லை என்பதால் அம்மா சாப்பிட்டதையே நானும் சாப்பிட்டேன். கைப்பேசியை அலுவலக அறையில் கொடுத்துவிட வேண்டும். கையில் வைத்திருந்தாலும் அந்தப் பள்ளத்தாக்கில் சமிக்ஞை சரியாகக் கிடைப்பதில்லை. இரவு எட்டு மணிக்கெல்லாம் விளக்குகளை அணைத்துவிடுவார்கள்.

தொடக்கத்தில் கடுமையான தலைவலி வந்தது. அது தணிந்த பிறகு வந்த உறக்கத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். பல ஆண்டுகளாக இரவுப் பணி பார்த்துப் பழகியதால், வீட்டில் படுத்திருக்கும்போதும் என் காது விழித்துக்கொண்டேதான் இருக்கும். பக்கத்து அறையில் அம்மா இருமினால் எழுந்துவிடுவேன். தெருவில் ஆம்புலன்ஸ் போனால் எழுந்துவிடுவேன். ஒன்றுமே இல்லாவிட்டாலும் எழுந்து மணி பார்ப்பேன். அங்கே ஒரு நாள் காலையில் அம்மா என்னிடம், "ராத்திரி ரெண்டு தடவை எழுந்தேன், அந்தப் பிள்ளைதான் வந்து வெந்நீர் கொடுத்துப் பிடிச்சுக் கூட்டிப் போனா, நீ அசையவே இல்ல" என்று சொன்னார். அங்குள்ள இரவுப் பணிப்பெண்ணைத்தான் சொன்னார். ஒரே அறையில், கைக்கெட்டும் தூரத்தில் படுத்திருந்த எனக்கு எதுவும் தெரியவில்லை. அம்மா குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கோ நெஞ்சு நிறைந்துபோனது. அன்று பகல் முழுவதும் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன், கொண்டுபோன புத்தகங்களைத் திறக்கக்கூடத் தோன்றவில்லை. மனம் இவ்வளவு அமைதியாக இருந்து எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்துப் பார்த்தால் என்னால் சொல்ல முடியவில்லை.

ஊர் திரும்பி முதல் இரவுப் பணிக்குப் போய் வந்ததும் அந்த அமைதி கலைந்துவிட்டது. அதனால் அனுபவமுள்ளவர்களிடம் கேட்கிறேன். அந்த உறக்கத்தை எனக்குக் கொடுத்தது உணவா, இடமா, கைப்பேசி இல்லாமையா, அல்லது வேறு ஏதாவதா? மாடி வீட்டில் வாடகைக்குக் குடியிருந்துகொண்டு மாதத்தில் பல இரவுகள் பணிக்குப் போகும் ஒருத்தி, அதில் எதையாவது வீட்டில் தொடர முடியுமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். நாங்கள் திரும்பி வந்ததைப் பார்த்த அப்பா, தானும் அங்கே போய்த் தங்க வேண்டும் என்கிறார். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு, மாத்திரையும் இரவில் இன்சுலினும் எடுத்துக்கொள்கிறார். அவரை அனுப்புவது சரியா?

கடனா நதிக்கரை (ஆழ்வார்குறிச்சி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்)

தங்கச்சிக்கு வணக்கம். நீங்கள் தங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவன் என்பதால், உங்கள் கேள்வியில் "இடமா" என்ற பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மருத்துவத்தைப் படித்தவர்கள் சொல்லட்டும்.

எங்கள் ஊர்ப் பக்கம் மேற்கே மலை மிக அருகில் உயர்ந்து நிற்கிறது. பாளையங்கோட்டையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, அரை மணி நேரத்துக்கும் முன்னதாக எங்களுக்குக் கதிரவன் மலைக்குப் பின்னால் போய்விடுகிறான். அதன் பிறகு இருட்டும் வரைக்கும் நீளமான, வெயில் இல்லாத வெளிச்சம் ஒன்று இருக்கும். அந்த நேரத்தில் வயலில் இருப்பவர்கள் கரையேறிவிடுவார்கள், மாடுகள் தொழுவத்துக்கு வந்துவிடும், வீட்டில் விளக்கேற்றும் வரை யாரும் பெரிதாக ஒரு வேலையும் தொடங்குவதில்லை. நகரத்தில் இந்த இடைவேளை கிடையாது. வெயில் மறையும் முன்பே குழல் விளக்கு எரியத் தொடங்கிவிடுகிறது. உங்களுக்கு அங்கே எட்டு மணிக்கே கண்ணைச் சுழற்றிக்கொண்டு வந்திருந்தால், அந்த மாலை வெளிச்சத்துக்கும் அதில் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். பணி ஓய்வுக்கு முன் நான் திருநெல்வேலி டவுனில் குடியிருந்த காலத்தில் எனக்கு உறக்கம் வர நள்ளிரவாகும். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு ஒன்பது மணியைத் தாண்டுவதில்லை.

அடுத்தது நீர். கடனா நதி அத்திரி மலைப் பக்கமிருந்து இறங்கி, அணையைத் தாண்டி, எங்கள் வயல்களுக்குப் பாய்ந்து, திருப்புடைமருதூரில் தாமிரபரணியோடு சேர்கிறது. ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக உள்ளே வரும்போது தென்காசி, குற்றாலம் பக்கம் சாரலாகத் தெளிக்கும்; எங்களுக்கு அதில் மிச்சம் கிடைக்கும். அதே நாட்களில் பாளையங்கோட்டையில் புழுதிக் காற்றுதான் அடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். கார் சாகுபடிக்கு நாற்று நட்டிருக்கும் வயல்களின் மேல் வரும் அந்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதே உடம்புக்கு ஒரு நன்மைதான். வெள்ளைக்கார அதிகாரிகள் அந்தக் காலத்திலேயே உடம்பைத் தேற்றிக்கொள்ளக் குற்றாலத்துக்கு வந்து தங்கியிருக்கிறார்கள். தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. தம் பிற்காலத்தைக் குற்றாலத்திலேயே கழித்தார், 1954இல் மறையும் வரைக்கும். அவரைப் பார்க்க ராஜாஜி போன்றவர்கள் அங்கே வந்து தங்கிப் பேசியிருந்தார்கள். ஓய்வுக்காக மலையடிவாரத்துக்கு வந்து நாட்கணக்கில் தங்குவது நம் சீமைக்குப் புதிய பழக்கம் இல்லை; அதற்குக் கட்டணம் செலுத்தி அட்டவணை போட்டு நடத்துவதுதான் புதிது.

இன்றைய சீசன் காலத்துக் குற்றாலத்துக்கு நான் யாரையும் ஓய்வுக்கு அனுப்ப மாட்டேன். ஐந்தருவியில் வரிசையில் நின்று, தள்ளுமுள்ளில் தலையை நனைத்துவிட்டு ஓடி வருவதில் உடல் குளிரும், மனம் அடங்காது. நீர்வரத்து கூடினால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள், வந்தவர்கள் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். உங்களுக்கு நான் சொல்லக்கூடியது எளிது. இரவுப் பணி இல்லாத ஒரு வாரத்தில் ஒரு நாளை எடுத்துக்கொண்டு, காலை ரயிலில் சேரன்மகாதேவிக்கோ அம்பாசமுத்திரத்துக்கோ வாருங்கள். ஆற்றில் குளியுங்கள். நகரத்தை ஒட்டிய படித்துறைகளில் கழிவு நீர் கலப்பதால் மேல்புறத்துக்கு வருவதே நல்லது. திருப்புடைமருதூர்ப் படித்துறையில் காலை நேரத்தில் கூட்டம் இருக்காது. மருத மரங்களில் பறவைகள் அடையும் காலமானால் அங்கே பேசவே தோன்றாது. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட்டுவிடாதீர்கள். நான்கு நாளுக்கு ஒரு முறை எண்ணெய் முழுக்கு என்று சித்த மருத்துவரான தேரையர் சொல்லியிருக்கிறார். பணிக்குப் போகும் பெண்ணுக்கு வாரத்துக்கு ஒன்றாவது இருக்கட்டும். எண்ணெய் தேய்த்துக் குளித்த பகலில் உறங்கக்கூடாது என்பார்கள் நம் பெரியவர்கள். ஆகவே அன்று இரவுப் பணி இல்லாத நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இயற்கை மருத்துவர் (தென்காசி மாவட்டம்)

சகோதரிக்கு வணக்கம். இயற்கை மருத்துவம், யோகா ஆகியவற்றில் ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பு முடித்து இந்தப் பகுதியிலேயே மருத்துவம் செய்துவருகிறேன். உங்கள் அப்பாவைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உயிர் சம்பந்தப்பட்டது. இன்சுலின் போட்டுக்கொள்பவரும், கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை எடுத்துக்கொள்பவரும், வழக்கமான மருந்தளவை அப்படியே வைத்துக்கொண்டு சாறு மட்டும் குடித்து இருந்தால் இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும் ஆபத்து இருக்கிறது. அதுவும் இரவில், உறக்கத்தில் இறங்கினால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமலே போகலாம். ஆகவே அவரைப் பார்க்கும் மருத்துவர் மருந்தளவை மாற்றிக் கொடுக்காமல், இரத்தச் சர்க்கரையை ஒரு நாளில் பல முறை பரிசோதிக்க வசதியில்லாமல், உண்ணாநோன்பு முறையில் அவரைச் சேர்க்க வேண்டாம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதையும் பாருங்கள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இளநீரிலும் பழச்சாறுகளிலும் உள்ள பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கி இதயத்துடிப்பைக் குலைக்கக்கூடும். "இயற்கைதானே, என்ன செய்துவிடும்" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், அவர்கள் என் துறையைச் சேர்ந்தவர்களாக இருந்தாலும்.

இனி உங்கள் தலைவலி. அது காப்பி நின்றதால் வந்தது. தினமும் காப்பியோ தேநீரோ குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும், பெரும்பாலும் இரண்டாம் நாள் வாக்கில் உச்சத்தை அடையும், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கும். இதை "உடலிலிருந்து நச்சு வெளியேறுகிறது" என்று சில இடங்களில் விளக்குகிறார்கள்; அந்த விளக்கம் எனக்கு ஏற்புடையது இல்லை. காப்பியின் காஃபீன் பாதியளவு உடலை விட்டு நீங்கச் சராசரியாக 5 மணி நேரம் ஆகிறது. இரவுப் பணியில் விடியற்காலை நான்கு மணிக்குக் குடிக்கும் தேநீர், நீங்கள் வீட்டுக்கு வந்து எட்டரை மணிக்குப் படுக்கும்போதும் பாதியளவு இரத்தத்தில் இருக்கும். அங்கே தங்கியிருந்த நாட்களில் உங்கள் உடலில் அது அறவே இல்லை. உறக்கம் ஆழமானதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

தலைமையாசிரியர் ஐயா வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. மாலையில் வெளிச்சம் குறையும்போது மூளை மெலடோனின் என்ற உறக்கத்துக்கான சுரப்பைச் சுரக்கத் தொடங்குகிறது. பிரகாசமான விளக்கும் கைப்பேசித் திரையும் அதைத் தள்ளிப்போடுகின்றன. பொழுது சாயும் முன் உணவு முடிந்துவிடுவதால் படுக்கும்போது வயிறு கனப்பதும் இல்லை.

மண்பட்டி, இடுப்புக் குளியல் ஆகியவை உங்களுக்குக் கொடுக்கப்படவில்லை, ஆனாலும் நீங்கள்தான் நன்றாக உறங்கினீர்கள். இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். இடுப்புக் குளியல் முறையை வகுத்தவர் ஜெர்மனியில் லீப்சிக் நகரில் வாழ்ந்த லூயி கூனே. காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோதே அவருடைய முறையைத் தம்மிடமும் பிறரிடமும் சோதித்துப் பார்த்தார். 1946இல் மகாராஷ்டிரத்தில் உருளி காஞ்சனில் இயற்கை மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். இந்த முறைகளை நானும் தினமும் கொடுத்துவருகிறேன், பயன் உண்டு என்பது என் அனுபவம். அப்படியிருந்தும், தங்கிச் சிகிச்சை பெறுபவர்களுக்கு கிடைக்கும் அமைதியில் பெரும் பங்கு சிகிச்சைக்கு வெளியே இருக்கிறது என்று சொல்லத் தயங்க மாட்டேன். அந்த இரவுப் பணிப்பெண்ணைப் பற்றி நீங்கள் எழுதியதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பணியழைப்புக்குக் காத்திருப்பவர்களின் உறக்கம், அழைப்பே வராத இரவுகளிலும் ஆழம் குறைந்திருக்கிறது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மருத்துவமனையில் நோயாளிகளுக்காகவும் வீட்டில் அம்மாவுக்காகவும் நீங்கள் எல்லா இரவும் அழைப்புக்குக் காத்திருக்கிறீர்கள். அங்கே வேறொருத்தி விழித்திருந்தாள், அவளை நம்பலாம் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. உணவு, இடம், கைப்பேசி எல்லாம் துணைக் காரணங்கள். முதல் காரணம் அவள்தான் என்று நான் நினைக்கிறேன்.

வீட்டில் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். இரவுப் பணிக்குப் போகும் முன் மாலையில் ஒன்றரை மணி நேரம் உறங்கிவிட்டுச் செல்லுங்கள். நள்ளிரவு தாண்டியதும் தேநீரை நிறுத்திவிட்டு வெந்நீரோ சுக்கு போட்ட மல்லி நீரோ குடியுங்கள். காலையில் வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், நேர் வெயில் கண்ணில் பட்டால் உடல் பகல் தொடங்கிவிட்டதாக எடுத்துக்கொள்ளும். படுக்கும் அறையின் சன்னலைக் கனத்த துணியால் மறைத்துவிடுங்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பாக, கை பொறுக்கும் சூட்டில் வாளியில் வெந்நீர் எடுத்துக் கணுக்காலுக்கு மேல் வரும்படி பத்து பதினைந்து நிமிடம் கால்களை வைத்திருங்கள். பாதத்தில் இரத்தக் குழாய்கள் விரிந்து உடலின் உட்சூடு வெளியேறும், உட்சூடு குறையும்போதுதான் உறக்கம் வரும். இதை உங்கள் அப்பாவுக்குச் செய்யாதீர்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு தெரியாமல் கொப்புளித்துவிடும்.

அம்மாவின் எடையைத் தொடர்ந்து கவனியுங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் முழங்காலின் மேல் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. வீட்டில் பச்சை உணவு மட்டுமே என்று கட்டாயப்படுத்த வேண்டாம், அது நீடிக்காது. இரவு உணவை ஏழு மணிக்குள் முடித்து, தட்டில் பாதிக்குக் காய்கறி இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

வீரவநல்லூர் அக்கா

தங்கச்சி, உங்களுக்குக் கிடைத்த நிம்மதியைப் படித்து மனதார மகிழ்ந்தேன். இருந்தாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக என் அனுபவத்தையும் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. என் கணவர் காலமான பிறகு, நான் உறங்காமல் இருப்பதைப் பார்த்த என் அண்ணன் இப்படிப்பட்ட ஒரு நிலையத்துக்கு என்னை அனுப்பினார். ஊர்ப் பெயரையும் நிலையத்தின் பெயரையும் சொல்ல விரும்பவில்லை, அவர்கள் என்னை நன்றாகத்தான் கவனித்துக்கொண்டார்கள். ஆனால் அங்கே மௌனம் எனக்கு உதவவில்லை. வீட்டில் இருந்தால் தறிச் சத்தம் இருக்கும், பிள்ளைகளின் பேச்சு இருக்கும், மதினி வந்து அதட்டியாவது இரண்டு வாய் சாப்பிட வைப்பார். அங்கே விளக்கணைத்த பிறகு அவருடைய கடைசி நாட்கள் மட்டுமே என் கண் முன் நின்றன. பக்கத்து அறையில் இருந்தவர்கள் எல்லாரும் உறங்குகிறார்கள், எனக்கு மட்டும் ஏன் வரவில்லை என்ற எண்ணம் வேறு சேர்ந்துகொண்டது. குறித்த நாளுக்கு முன்பே அண்ணனை வரச் சொல்லி ஊர் திரும்பிவிட்டேன்.

துக்கத்தில் இருப்பவர்களையும் மனச்சோர்வில் இருப்பவர்களையும் "போய்க் கொஞ்ச நாள் அமைதியாக இருந்துவிட்டு வா" என்று தனியாக அனுப்பிவிடாதீர்கள் என்று எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு உதவியது பேச்சுதான். மனநல மருத்துவரைப் பார்த்தேன், அத்தையோடு உட்கார்ந்து அழுது தீர்த்தேன், பல மாதங்களுக்குப் பிறகு தானாக உறக்கம் திரும்பியது. டெலிமனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இருக்கிறது. எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. மருத்துவமனைக்குப் போகத் தயங்குகிறவர்கள் அதிலிருந்தாவது தொடங்கலாம்.

மருத்துவர் ஐயா அந்தப் பணிப்பெண்ணைப் பற்றிச் சொன்னது என் மனதில் தைத்தது. தங்கச்சி, உங்கள் வீட்டில் அம்மாவுக்காக இரவில் எழுந்திருப்பவர் நீங்கள் ஒருவர் மட்டும்தானா? அப்பா இருக்கிறார். உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களும் இருக்கிறார்கள். கனத்த திரையும் வெந்நீரும் வைப்பதற்கு முன்னால் இதைப் பேசி முடிவு செய்யுங்கள்.

இன்னொரு செவிலி (நாங்குநேரி)

நானும் இதே பணியில் இருப்பவள் என்பதால் சுருக்கமாக இரண்டு செய்திகள். பணி அட்டவணை போடுபவரிடம் காலை, மாலை, இரவு என்ற வரிசையில் உங்கள் முறை வரும்படி கேட்டுப் பாருங்கள். இரவு முடிந்து மாலை, பிறகு காலை என்று பின்னோக்கிச் சுழன்றால் உடல் பழகுவது கடினம். முன்னோக்கிச் சுழன்றால் எளிது. எங்கள் வார்டில் அப்படி மாற்றிய பிறகு எல்லாருக்கும் வித்தியாசம் தெரிந்தது. அடுத்தது, வார்டு வாட்ஸ்அப் குழுவின் ஒலியை அடக்கிவையுங்கள். பணி முடிந்து வந்த பிறகும் "அந்த நோயாளியின் கேஸ் சீட்டு எங்கே" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பொறுப்பை ஒப்படைக்கும்போது எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டால், பிறகு அழைக்க வேண்டிய தேவை மிகவும் குறையும். அவசரம் என்றால் நேரடியாகப் போன் செய்வார்கள், அந்த எண் மட்டும் ஒலிக்கும்படி வைத்துக்கொள்ளலாம்.

பாளைச் செவிலி

பதில் எழுதிய எல்லாருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அண்ணாச்சி சொன்னபடி, அடுத்த மாதம் விடுமுறை நாள் ஒன்றில் திருப்புடைமருதூருக்குப் போக அம்மாவும் ஆசைப்படுகிறார்; படித்துறையில் இறங்க முடியாவிட்டாலும் கோயிலில் உட்கார்ந்திருப்பேன் என்கிறார்.

வீரவநல்லூர் அக்காவின் கேள்வியை நேற்று இரவு உணவின்போது வீட்டில் அப்படியே படித்துக் காட்டினேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, நான் இரவுப் பணி முடித்து வரும் நாட்களிலும் அதற்கு அடுத்த இரவிலும் அம்மாவைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். தம்பி வள்ளியூரில் இருக்கிறான். சனிக்கிழமை இரவுகளில் வந்து தங்குவதாக அவனும் ஒத்துக்கொண்டான். அம்மாவின் கட்டிலை அப்பாவின் அறைக்கு மாற்றிவிட்டோம். இத்தனை ஆண்டுகளாக யாரும் மறுத்ததில்லை, யாரும் கேட்டதும் இல்லை. நான் செவிலி என்பதால் இரவு என் பொறுப்பு என்று வீட்டில் எல்லாரும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள், நானும்தான். கணையத்தைத் தூண்டும் மாத்திரைகள் என்று மருத்துவர் சொன்ன பெயர்களில் ஒன்று அப்பாவின் சீட்டில் இருக்கிறது, ஆகவே நோன்புச் சிகிச்சை என்ற பேச்சை எடுக்கப்போவதில்லை. ஆனால் அவருக்கு அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை போகவில்லை. அம்மா மறுபடியும் போகும்போது, சிகிச்சை எதுவும் எடுத்துக்கொள்ளாமல், அம்மாவின் துணைக்கு மட்டும் அவர் போய்த் தங்கலாமா? அங்கே துணைக்கு வருபவர்களுக்கும் அதே உணவுதான் என்பதால் கேட்கிறேன்.

இயற்கை மருத்துவர் (தென்காசி மாவட்டம்)

தங்கலாம், சில ஏற்பாடுகளோடு. இட்லி, கஞ்சி, சோறு என அவர் வழக்கமாகச் சாப்பிடும் சமைத்த உணவை வழக்கமான நேரத்தில் கொடுக்க முடியுமா என்று பதிவு செய்யும்போதே நிலையத்தில் கேட்டுவிடுங்கள். முடியாது என்றால் துணைக்கு உங்கள் சித்தி போகட்டும், அப்பா பகலில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பட்டும். ஆழ்வார்குறிச்சிக்கு ரயில் இருக்கிறதே. முடியும் என்றால் குளுக்கோமீட்டர், அதற்குப் போதுமான பரிசோதனைப் பட்டைகள், இன்சுலினைக் குளிரில் வைக்க வசதி, சட்டைப் பையில் கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ இருக்கட்டும். மருந்துச் சீட்டின் நகலை அலுவலகத்தில் கொடுத்து, இரவுப் பணியில் இருப்பவரிடமும் சர்க்கரை இறங்கினால் வரும் வியர்வை, நடுக்கம், குழப்பம் ஆகியவற்றைச் சொல்லிவையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கடனா நதியில் திடீரென்று தண்ணீர் கூடும், நடக்கவும் முடியாது. முழங்கால் வலி உள்ளவருக்குத் தை, மாசி மாதங்கள் ஏற்றவை. கைப்பேசியை மட்டும் அவரிடமே வைத்திருக்க அனுமதி கேளுங்கள், சர்க்கரை நோயாளி என்று சொன்னால் மறுக்க மாட்டார்கள்.